சாவு வரிசை

நோயை ஒழிப்பதற்காக ஒரு வயலில் நோயை வளர்க்கிறார்கள் என்றால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். காய்கறி ஆராய்ச்சி நிலையங்களில் அதுதான் நடைமுறை. அந்த வயலுக்கு நோய்க்காடு என்று பெயர். வாடிச் செத்த தக்காளிச் செடிகளை எங்கெங்கிருந்தோ வேரோடு பிடுங்கிவந்து போட்டு உழுது, மண்ணில் வாடல் கிருமியைப் பெருக்கி வைப்பார்கள். பிறகு அதில் புதிய ரகங்களை நட்டு, எது சாகிறது, எது நிற்கிறது என்று பார்ப்பார்கள். நின்றவை அடுத்த பருவத்துக்குப் போகும். செத்தவை மறுபடியும் உழவுக்குள் போகும்.

நோய்க்காட்டில் இன்னொரு சம்பிரதாயமும் உண்டு. சில வரிசைகளுக்கு ஒரு வரிசை வீதம், நோயைத் தாங்கவே தாங்காத ஒரு நாட்டுத் தக்காளியை நட வேண்டும். அது செத்தே ஆக வேண்டும். அது சாகவில்லையென்றால் மண்ணில் கிருமி போதவில்லை, பக்கத்தில் நிற்கும் புது ரகம் பிழைத்ததற்கும் மதிப்பில்லை என்று அர்த்தம். அறிக்கைகளில் அதற்கு ஒப்பீட்டு வரிசை என்று மரியாதையான பெயர் இருந்தது. களையெடுக்க வரும் பெண்கள் சாவு வரிசை என்பார்கள். ஆராய்ச்சி செய்ய வந்த எஸ்தரும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டாள்.

எஸ்தர் கிரேஸ் தெற்கே நாசரேத் ஊர்க்காரி. வெள்ளியங்கிரி மலையடிவாரத்து நிலையத்துக்கு அவள் வேலைக்கு வந்தபோது தக்காளி பணக்காரர் வீட்டுப் பண்டமாகியிருந்தது. கோடை நீண்டு, மண் சூடேறி, வாடல் கிருமிக்கு வருஷம் முழுக்கத் திருவிழா. தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் காய் பிடிக்கிற நேரத்தில் பச்சை மாறாமலே தலை சாய்ந்தன. எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம் என்று ஒன்றைக் கொண்டுவந்தால் சில பருவம் தாங்கும். அதற்குள் கிருமி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடும். ரேஷன் கடையில் தக்காளிப் பொடி வாங்க வரிசை நின்ற காலம் அது.

அந்தக் காலத்தில்தான் எஸ்தர் ஒரு காட்டுச் சுண்டையின் குணத்தைத் தக்காளிக்குள் ஏற்றினாள். நோய்க்காட்டில் நடுவாள், நின்றதிலிருந்து விதையெடுப்பாள், மறுபடி நடுவாள். கல்யாணம் செய்துகொள்ள நேரமில்லாமல் போனது என்று விளையாட்டாகச் சொல்வாள். அது விளையாட்டல்ல. கடைசியில் வந்த ரகம் வாடவில்லை. அடுத்த பருவமும் வாடவில்லை. வருஷங்கள் போயின, கிருமி அதை உடைக்கவே இல்லை. நிலையம் அதற்கு ஏதோ எண் கொடுத்தது. விவசாயிகள் சாகாவரம் என்றார்கள், அந்தப் பெயர்தான் நின்றது. அதே குணத்தைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஏற்றினார்கள். டெல்லியில் எஸ்தருக்கு விருது கொடுத்தார்கள். நாசரேத் சர்ச்சில் அவள் பெயர் சொல்லி ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள்.

சாவு வரிசைக்கு மட்டும் பழைய நாட்டுத் தக்காளி தேவைப்பட்டது. அதை வைத்திருந்தவள் ஹரிணி ஒருத்திதான். இந்தக் கதை நடக்கும் காலத்தில் ஹரிணி என்பது ஐம்பது வயதுப் பெண்களின் பெயர். ஓடைக்காட்டுப்புதூருக்கு மேலே, பாறைக் கரட்டை ஒட்டி அவளுக்கு ஒரு மேட்டுக்காடு இருந்தது. வாய்க்கால் தண்ணீர் ஏறாத இடம். சொந்தக் கிணற்றை நம்பி நாட்டுத் தக்காளியும் நிலக்கடலையும் கொஞ்சம் கதலி வாழையும் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். பருவம் தவறாமல் நிலையத்துக்கு நாற்று கொடுப்பாள். "நான் வளத்தி அனுப்பறேன், நீங்க கொல்லுங்" என்று சிரிப்பாள்.

முன்பெல்லாம் சாவு வரிசை பூவெடுத்த பிறகுதான் சாகும். பிறகு பூப்பதற்கு முன்பே சாக ஆரம்பித்தது. நிலையத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். நோய்க்காடு நன்றாகத் தேறிவிட்டது, இவ்வளவு கடுமையான மண்ணிலும் சாகாவரம் நிற்கிறது பார் என்று வருஷா வருஷம் அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள். எஸ்தரும்தான் எழுதினாள்.

ஓர் ஆடியில் சாவு வரிசைக்கு நட்ட நாற்று வேர் பிடிப்பதற்குள்ளேயே செத்தது. சின்ன அதிகாரி ஒருவர் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, "சூப்பர் மேடம், ஒண்ணுகூட மிஞ்சலை" என்று சிரித்தார். எஸ்தருக்கு ஏனோ அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. நோய்க்காட்டில் பல வருஷமாக யாரும் புதுக் கிருமி போடவில்லை. அங்கே நிற்பதெல்லாம் சாகாவரம். அப்படியென்றால் இந்தக் கிருமி எதைத் தின்று இவ்வளவு பெருகியது?

வாடல் நோயைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். செத்த செடியின் தண்டை அறுத்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடித்தால் போதும். உள்ளே கிருமி இருந்தால் வெள்ளையாக ஒரு இழை தண்ணீரில் இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடச் செய்துகாட்டுவார்கள். செத்த செடியைத்தான் இப்படி அறுப்பார்கள். பழுத்துக் குலுங்கும் செடியை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று அந்த நிலையத்தில் இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எஸ்தர் சாகாவரத்தின் நல்ல கிளை ஒன்றை அறுத்துத் தண்ணீரில் பிடித்தாள். பால் கொட்டியதுபோல் இறங்கியது. தம்ளர் முழுக்க வெளுத்துப்போனது. அடுத்த செடியும் அப்படியே. மிளகாய், கத்தரி எல்லாம் அப்படியே. அவள் தம்ளரோடு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நிலைய இயக்குநர் அஸ்வின் கெட்ட மனிதரல்ல. எஸ்தர் மேசைமேல் வைத்த தம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செடி நல்லாத்தானே இருக்கு எஸ்தர்?"

"செடிக்கு ஒண்ணும் இல்ல சார். நாம நோயை எதிர்க்கிற செடியைத் தேடினோம். வாடாத செடியை எடுத்து எடுத்து விதை கட்டினோம். நமக்குக் கிடைச்சது நோயை வீட்டுக்குள்ள வச்சுக் குடித்தனம் நடத்துற செடி. கிருமியை அது கொல்றதே இல்லை. அதனாலதான் கிருமியும் அதை உடைக்கப் பாக்கலை. சோறு போடுற வீட்டை யாரு இடிப்பா?"

"அப்ப நல்லதுதானே. நிரந்தரமான எதிர்ப்பு, நாம கேட்டதே அதுதான்."

"செடிக்கு நல்லது. பக்கத்துக் காட்டுக்கு? வேர் வழியா மண்ணுல கொட்டிக்கிட்டே இருக்கு. மழை பெஞ்சா ஓடுது, மண்வெட்டியில ஒட்டிக்கிட்டுப் போகுது. குழித்தட்டுல நாம வளக்குற நாற்றுலேயே இருக்கு, லாரி லாரியா நாமளே அனுப்புறோம். முன்னே தக்காளி, கத்தரி, மிளகாயை மட்டும் தொட்ட கிருமி இப்ப கடலை, வாழை, இஞ்சி வரைக்கும் போயிருக்கு. சாகாவரம் நடாதவன் எவனும் மிஞ்சமாட்டான் சார்."

அஸ்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கம்மா கடைசியாக் கேட்டது தக்காளிச் சோறு. கோயமுத்தூர் பூரா அலைஞ்சேன், ஒரு பழம் கிடைக்கலை. உங்க செடி வந்த பிறகுதான் ஜனங்க சாப்பிடறாங்க. இதை நிறுத்துன்னு சொல்லப்போறீங்களா?"

"வேற என்ன சொல்லச் சொல்லுதீய?" கோபம் வந்தால் எஸ்தருக்கு நாசரேத் பேச்சு வந்துவிடும்.

அவள் மண்ணை வேகவைத்துச் சுத்தமாக்கித் தொட்டிகளில் நிரப்பிச் சோதித்துக் காட்டினாள். சாகாவரத்தோடு ஒரே தொட்டியில் வைத்த எந்தச் செடியும் பிழைக்கவில்லை. சென்னையில், ரகங்களுக்கு அனுமதி தரும் அரசு விதைக் குழு கூடியது. உறுப்பினர்கள் பாதாம் அல்வா சாப்பிட்டபடி கேட்டுவிட்டு, தொட்டியில் நடப்பதெல்லாம் வயலில் நடக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார்கள். வயலில் நிரூபியுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள்.

வயலுக்கு எங்கே போவது? நிலையத்தில் ஒரு அடி சுத்தமான மண் இல்லை. மலையடிவாரம் முழுக்க சாகாவரம். இந்தக் கிருமி ஏறாத ஒரே இடம் ஹரிணியின் மேட்டுக்காடு. சாகாவரம் ஒரு காட்டைக் கெடுக்கும் என்று நிரூபிக்க, கெடாத ஒரு காட்டில் அதை நட வேண்டும். இதை யோசித்துக்கொண்டே எஸ்தர் பல நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள்.

கடைசியில் போனபோது ஹரிணி கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். எஸ்தர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். ஹரிணி மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வரப்பில் குந்தினாள்.

"அப்புடின்னா எங்கண்ணன் தோட்டம் செத்ததும் இதுனாலதானுங்களா?"

அவளுடைய அண்ணன் கவின். கீழே வாய்க்கால் ஓரத்தில் நல்ல தோட்டம் வைத்திருந்தவன். சுற்றிலும் எல்லோரும் சாகாவரம் போட்டபோது அவன் மட்டும் வாழையும் இஞ்சியுமாக நின்றான். போட்டதெல்லாம் செத்தது. மறுபடி போட்டான், மறுபடி செத்தது. பார்க்க வந்த அதிகாரி, பராமரிப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். இப்போது அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன்.

"ஆமா ஹரிணி. இதனாலதான்."

"எம் மவ கண்ணாலத்துக்கு முகூர்த்தக்கால் நட அவனத்தானுங் கூப்புட்டோம். தாய்மாமன் வேற. தொடமாட்டேன்னுட்டான். நான் நட்டா வாடிப்போயிரும், புள்ள வாழ்க்கை கெட்டுரும்னு பந்தலுக்கு வெளியவே நின்னுக்கிட்டான். ஊருக்காரங்க சொல்லிச் சொல்லி அவனே நம்பிட்டானுங். அவன் கை ஆகாத கைன்னு." ஹரிணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க இதை நிரூபிச்சா, அவன் மேல தப்பில்லைன்னு எழுதுவாங்களா?"

"எழுத வைக்கிறேன். ஆனா உங்க காடு..."

"ஒரு மூலையில நடுங்."

"மூலையோட நிக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"நிக்காதுன்னும் சொல்லலையே. கீழ் மூலையில நடுங். தண்ணி மேல ஏறாதில்லீங்."

எஸ்தருக்கு நிற்காது என்று தெரியும். அதை வாய்விட்டும் சொன்னாள். ஹரிணி கேட்டுவிட்டு, "நடுங்" என்றாள்.

கீழ் மூலையில் சாகாவரம் ஒரு வரிசை. அதற்கு மேலே ஹரிணியின் நாட்டுத் தக்காளி. நோய்க்காட்டில் எந்தச் செடி சாகவேண்டும் என்று எஸ்தர் இத்தனை காலம் காத்திருந்தாளோ, அதே செடி இங்கே பிழைத்துவிட வேண்டும் என்று முதல்முறையாக ஜெபம் செய்தாள். தன் ஆய்வு தோற்றால் பரவாயில்லை என்றுகூட நினைத்தாள். ஐப்பசி மழை நின்றதும் நாட்டுத் தக்காளியின் கீழ் வரிசை தலை சாய்ந்தது. பிறகு அதற்கு மேலே. தண்ணீர் மேலே ஏறாதுதான். ஆனால் காட்டுக்குள் மனிதர்கள் நடக்கிறார்கள், நாய் ஓடுகிறது, எலி வளை தோண்டுகிறது. தை பிறப்பதற்குள் கடலை மஞ்சளடித்தது. கதலி வாழைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குலையோடு மடங்கின. வேலியோரத் தூதுவளைகூடப் போனது. ஹரிணி ஒவ்வொன்றாக அறுத்து அவளே தம்ளரில் பிடித்துப் பார்த்தாள். ஒரு நாளும் எஸ்தரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கீழ் மூலையில் சாகாவரம் மட்டும் சிவக்கச் சிவக்கக் காய்த்துக்கொண்டிருந்தது.

இந்த முறை விதைக் குழு கவனமாகக் கேட்டது. குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அதிகம் பேசாதவர்.

"சாகாவரம் நட்ட இடத்துல அந்தச் செடி ஏதாவது செத்துதாம்மா?"

"இல்லைங்க ஐயா."

"நடாத இடத்துல?"

"எதுவும் மிஞ்சலைங்க ஐயா."

"பக்கத்துக்காரன் நட்டாலே போதும், நடாதவன் காடு போயிடும். அதானே?"

"ஆமாங்க ஐயா. அதைத்தான் சொல்றேன்."

"ஒரே ஒருத்தன் நிறுத்தினா?"

"அவன் காடுதான் முதல்ல போகும்."

தலைவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். புரிந்துகொண்ட ஒரு மனிதர் கடைசியில் கிடைத்தார் என்று எஸ்தருக்கு அத்தனை நிம்மதி. கோயமுத்தூர் ரயிலில் அசந்து தூங்கினாள்.

பங்குனியில் அரசாணை வந்தது. அஸ்வின் அதைப் பிடித்தபடி அவளுடைய அறைக்கு வந்து, உட்காராமல் நின்றார். முதல் பத்தியிலேயே அவள் பெயர். முனைவர் எஸ்தர் கிரேஸ் அவர்களின் கள ஆய்வு ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளபடி, சாகாவரம் பயிரிடப்படாத நிலங்கள் அனைத்தும் வாடல் நோயால் அழியும் ஆபத்தில் உள்ளன. எனவே வரும் ஆடிப் பட்டம் முதல் மாநிலத்தின் எல்லாக் காய்கறி விவசாயிகளும் சாகாவரக் குணமுள்ள ரகங்களை மட்டுமே பயிரிட வேண்டும். மற்ற விதைகளை விற்பதும் வளர்ப்பதும் குற்றம். கடலைக்கும் வாழைக்கும் இக்குணத்தை ஏற்றும் பணி உடனே தொடங்கப்படும். முதல் பருவ நாற்று இலவசம். முன்பு பயிர் அழிந்த விவசாயிகள் மீது எந்தத் தவறும் இல்லை என்று அரசு ஏற்கிறது.

எஸ்தர் இரண்டு முறை படித்தாள்.

"நான் நிறுத்தச் சொன்னேன் சார்."

"தெரியும்."

"இதுல ஒரு வரிகூடப் பொய் இல்ல. எல்லாம் நான் சொன்னதுதான்."

"நிறுத்தினா மண்ணு சுத்தமாக நாலஞ்சு வருஷம் ஆகும்னு நீங்கதான் எழுதியிருந்தீங்க. அதுவரைக்கும் இந்த நாட்டுல காயே கிடையாது. அதுல யாரு கையெழுத்துப் போடுவா எஸ்தர்? இதுல கையெழுத்துப் போடறது சுலபம். ஆபத்துன்னு நீங்க நிரூபிச்சீங்க. ஆபத்திலிருந்து தப்பிக்க ஒரே வழி எதுன்னும் நீங்களே நிரூபிச்சுட்டீங்க." கதவருகே போய்த் திரும்பினார். "இன்னொண்ணும் சொல்லணும். நோய்க்காட்டுல இனிமே ஒப்பீட்டு வரிசை வேண்டாமாம். அந்த விதையை வளர்க்கறதே இப்பக் குற்றம்."

ராஜினாமா எழுதலாம் என்று எஸ்தர் நினைத்தாள். எழுதினால் அவளுக்குப் பதிலாக இன்னொருவர் கடலைக்கு அந்தக் குணத்தை ஏற்றுவார், அவ்வளவுதான். ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், மனம் கேட்காமல் ஓடைக்காட்டுப்புதூருக்குப் போனாள்.

மேட்டுக்காட்டில் நடவு முடிந்து சில வாரம் ஆகியிருந்தது. ஒரு செடி பிசகாமல் வரிசை வரிசையாக சாகாவரம் நிமிர்ந்து நின்றது. நடுவே ஒரு ஆள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மண் அணைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேகமாக வந்தான். கவின். அவள் அவனைப் பார்ப்பது அதுதான் முதல்முறை.

"வாங் மேடம், வாங். திருப்பூர்ல கணக்கு முடிச்சுட்டு வந்துட்டனுங். கீழ எந் தோட்டத்துலயும் நட்டாச்சு, இங்க தங்கச்சிக்கும் நான்தான் நட்டனுங். எல்லாம் எங் கையாலயே." அவன் திரும்பிக் காட்டைக் காட்டினான். "பாருங். ஒண்ணாச்சும் தலை சாஞ்சிருக்குதுங்களா? அரசாங்கத்துலயே எழுதிக் குடுத்துட்டாங்க, எம் மேல தப்பில்லைன்னு. ஊருக்காரங்க வந்து நாத்து வைக்கக் கூப்புடறாங்க மேடம். உங்களுக்கு நான் என்ன கைம்மாறு பண்றது?"

எஸ்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பம்புசெட் அருகே நின்றிருந்த ஹரிணி அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. கவின் இளநீர் வெட்டிவர ஓடினான்.

ஹரிணி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு முகம் வற்றிப்போயிருந்தது.

"அவன் இப்படிச் சிரிச்சுப் பாத்து எத்தனையோ காலமாச்சுங். ஒண்ணும் சொல்லிப்போடாதீங்."

"சொல்லலை."

"எனக்கு ஒண்ணு தெரியோணும் மேடம். எல்லாரும் ஒரே நேரத்துல இதை நிறுத்திப்போட்டா, மண்ணு பழையபடி திரும்புமுங்களா?"

"திரும்பும். நிச்சயமாத் திரும்பும். யாராவது ஆரம்பிச்சு வச்சா போதும் ஹரிணி. ஒரு ஊரு, பத்துக் காடு ஒண்ணாச் சேந்து நிறுத்தினாக்கூட மத்தவங்களுக்குக் காட்டலாம். நான் கூட இருக்கேன். நீங்க..."

கவின் இளநீரோடு வரப்பில் வந்துகொண்டிருந்தான். வழியில் சாய்ந்த ஒரு கிளையைக் குனிந்து நிமிர்த்திவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். ஹரிணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாந் தெரிஞ்ச நானே நிறுத்தமாட்டனுங் மேடம்" என்றாள்.